ஒரு மடிக்கணினி, முப்பது பிள்ளைகள்: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உங்களிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பீரோவுக்குள் ஒரு மடிக்கணினி பூட்டியிருக்கும். சில பள்ளிகளில் புரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ வந்திருக்கும். எதுவுமே இல்லையென்றாலும் உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். கீழே வரும் வேலைகளில் நிறைய அந்தப் போனை வைத்தே செய்யக்கூடியவை.

முதலில் ஒரு செய்தி. பெரு நாட்டில், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணினி பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அவர்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பொருள் வந்து இறங்கினால் படிப்பு தானாக வந்துவிடாது. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில், எதற்காக அதை எடுக்கிறோம் என்று ஆசிரியர் முடிவு செய்தால்தான் வரும்.

அதனால் கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கரும்பலகையாலும் புத்தகத்தாலும் முடியாத எதை இது எனக்குச் செய்து தரும்? என் அனுபவத்தில் நான்கு உண்டு. குரலைப் பிடித்து வைக்கும். சின்னதைப் பெரிதாக்கியும், மெதுவாக நடப்பதை வேகமாக்கியும் காட்டும். சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும். தப்பை அழித்துவிட்டு மறுபடி செய்ய விடும். இந்த நான்கில் எதிலும் சேராத வேலைக்குக் கணினியை எடுக்க வேண்டாம். அ, ஆ எழுதிக் காட்ட ஸ்மார்ட் போர்டு வேண்டாம். சாக்பீஸ் அதைவிட நன்றாகவே எழுதும்.

அறையைத் தயார் செய்தல்

இந்த வேலையை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் ஆண்டு முழுக்க நிம்மதி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் படம் போடாதீர்கள், வெளிச்சம் நேராக விழுந்து எதுவும் தெரியாது. ஜன்னல் இருக்கும் சுவரை ஒட்டிய பக்கச் சுவர் நல்லது. திரை வேண்டாம், வெள்ளையடித்த சுவரே போதும். வெயில் பக்க ஜன்னலுக்கு மட்டும் ஒரு பழைய கெட்டித் துணி. அறையை முழு இருட்டாக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பயப்படும், உங்களுக்கும் பின்வரிசை முகங்கள் தெரியாது.

பிளக் பாயின்ட் அநேகமாக ஒன்றுதான் இருக்கும், அதுவும் வாசல் பக்கம். ஜங்ஷன் பாக்ஸ் வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஓடும் பாதையில் வயர் கிடக்கவே கூடாது. மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் காலையில் வந்தவுடன் சார்ஜ் போடுவதைப் பழக்கமாக்குங்கள்.

ஒரு பொருளுக்குப் பணம் செலவழிக்கலாம் என்றால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு மடிக்கணினியின் சத்தம் கேட்காது. கேட்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் பேச ஆரம்பிக்கும், வகுப்பு அங்கேயே கலைந்துவிடும்.

இணையத்தை நம்பி எந்தப் பாடத்தையும் திட்டமிடாதீர்கள். வேண்டியதை வீட்டிலேயே இறக்கி, பென் டிரைவிலோ போனிலோ வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே சொல்லப்போவது எல்லாம் அப்படி வேலை செய்யக்கூடியதுதான்.

தொடக்கம் குரலில் இருக்கட்டும்

புதியவர்கள் பெரும்பாலும் காணொளியில் தொடங்குவார்கள். நான் குரல் பதிவில் தொடங்கச் சொல்வேன். எல்லாப் போனிலும் குரல் பதிவுச் செயலி இருக்கிறது. தொழில்நுட்பத்தில் இதைவிட எளிதானதும் இல்லை, தொடக்க வகுப்புக்கு இதைவிடப் பயன் தருவதும் இல்லை.

பள்ளி திறந்த முதல் சில வாரங்களில், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அழைத்துப்போய், பாடநூலிலிருந்து ஐந்தாறு வரி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர் போதும். மற்றவர்கள் அந்த நேரத்தில் எழுத்து வேலை செய்யலாம். பதிவின் பெயரில் பிள்ளையின் பெயர் வேண்டாம், வருகைப் பதிவேட்டு எண்ணும் மாதமும் போதும். வாசிக்கும்போது திருத்தாதீர்கள். திணறினால் காத்திருங்கள். இன்னும் வாசிக்க வராத பிள்ளை என்றால் படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்லி அதைப் பதியுங்கள்.

அன்று மாலை கேட்டுப் பாருங்கள். வகுப்பில் முப்பது குரலுக்கு நடுவே காதில் விழாதது எல்லாம் அப்போது விழும். ஒரு பிள்ளை ஒவ்வொரு நெடிலையும் குறிலாக வாசிக்கிறது: 'பாட்டு' அதற்குப் 'பட்டு' ஆகிறது. இன்னொன்று மெய்யெழுத்து வரும் இடத்தில் மட்டும் நிற்கிறது. 'பள்ளி' என்பதை 'ப', 'ள', 'ளி' என்று உடைத்து, பிறகு சேர்க்கத் தெரியாமல் விட்டுவிடுகிறது. மூன்றாவது பிள்ளை சரளமாக வாசிக்கிறது, ஆனால் புத்தகத்தில் இல்லாத சொற்களும் வருகின்றன. மனப்பாடம் செய்திருக்கிறது, எழுத்தைப் பார்க்கவே இல்லை. மூன்று பேரும் 'வாசிப்பில் பின்தங்கியவர்கள்' என்ற ஒரே பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் வேண்டிய பயிற்சி வேறு வேறு. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கிறோம் அல்லவா? தொடக்க நிலையான அரும்பில் இருக்கும் பத்துப் பேருக்குள்ளும் யாருக்கு என்ன தடை என்று இந்தப் பதிவு சொல்லிவிடும்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை தன் குரலைக் கேட்டதும் சிரிக்கும், கூச்சப்படும். இரண்டாவது தடவை புத்தகத்தைத் திறந்து வைத்து, கேட்டுக்கொண்டே விரலை ஓட்டச் சொல்லுங்கள். தப்பான இடத்தில் விரல் நின்றுவிடும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டு மூன்று மாதம் கழித்து அதே வரிகளை மறுபடி பதியுங்கள். பிறகு பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில், பிள்ளையின் சம்மதத்தோடு, அந்த வீட்டாருக்கு மட்டும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். மதிப்பெண் அட்டை வாசிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட, பேரன் ஜூனில் எப்படி வாசித்தான், செப்டம்பரில் எப்படி வாசிக்கிறான் என்று காதாலேயே புரியும். தங்கள் பிள்ளை படிக்கிறான் என்ற நம்பிக்கை அந்த வீட்டுக்கு வருவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

கூகுளின் ரீட் அலாங் செயலியும் இந்த வகைதான். பிள்ளை சத்தமாக வாசிக்க, அது கேட்டுத் திருத்தும். தமிழ்க் கதைகள் இருக்கின்றன, இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 2022 கோடையில், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். தனிப் பயிற்சிக்கு நல்ல செயலி. ஆனால் சத்தமான அறையில் அது பிள்ளையைத் தப்பாகக் கேட்கும்; சரியாக வாசித்த பிள்ளை சோர்ந்துபோகும். ஓர் ஓரத்தில், ஒவ்வொருவராகக் கொடுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் இன்னொன்று செய்யலாம். போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் மைக்கை அழுத்திப் பேசிப் பேசியே எழுதலாம். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு கறுப்பு" என்று சொன்னால் திரையில் எழுத்தாக வரும். சில சொற்களைப் போன் தப்பாக எழுதும், அதுவும் நல்லதுதான். எந்தச் சொல் தப்பு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் அந்த இரண்டு வரியைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். பிள்ளைக்கு அது சொந்த வரி. பாடநூல் வரியைவிட அக்கறையாக எழுதுவார்கள்.

காணொளி இரண்டு நிமிடம்

2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து விரைவுத் துலங்கல் குறியீடு, அதாவது க்யூஆர் கோடு, இருக்கிறது. திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியைப் போனில் நிறுவி, தமிழ்நாடு, தமிழ்வழி, உங்கள் வகுப்பு என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும், பதிவிறக்கியும் வைக்கலாம். கல்வி தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன.

எதையும் முழுதாக நீங்கள் பார்க்காமல் வகுப்பில் போடாதீர்கள். பத்து நிமிடக் காணொளியில் உங்கள் பாடத்துக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். அது எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்துவைத்து அதை மட்டும் போடுங்கள்.

போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும், ஆளுக்கொன்று சொல்வார்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். பிறகு சத்தத்தோடு போடுங்கள். தாங்கள் சொன்னது சரியா என்று பார்க்க இப்போது எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படிச் செய்யாமல் பத்து நிமிடம் ஓட விட்டால், பாட்டு வந்தபோது கைதட்டியதைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

அடுத்தவர் எடுத்த படத்தைவிட உங்கள் பிள்ளைகள் எடுத்த படம் அதிகம் கற்றுத்தரும். ஈரத்துணியில் பச்சைப்பயறு போட்டு ஜன்னலோரம் வையுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, அந்த இடத்தில் நின்று காலை மாலை ஒரு படம் எடுப்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு. நான்கைந்து நாளில் வேர் வரும், தோல் கழலும், இலை விரியும். கடைசி நாளில் எல்லாப் படத்தையும் வரிசையாக விரலால் வேகமாகத் தள்ளிக் காட்டினால், பயறு கண்ணெதிரே முளைத்து எழும். மறுபடி பின்னோக்கித் தள்ளி, முதலில் வந்தது வேரா இலையா என்று கேளுங்கள்.

கதை வாசிக்க ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. நிலைவாரியாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, எழுத்தின் மேல் ஓர் அட்டையைப் பிடித்து மறைத்துவிட்டு, படம் என்ன சொல்கிறது என்று முதலில் பேசுங்கள். எழுத்து அப்புறம் வரட்டும். பார்வை குறைவான பிள்ளை இருந்தால், பாடநூல் பக்கத்தையே போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கி அதன் கையில் கொடுங்கள்.

மௌஸ் பிடிக்கப் பழக்குதல்

மடிக்கணினியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. டச்பேட் சின்ன விரல்களுக்குச் சரிப்படாது, ஒரு சிறிய மௌஸ் வாங்கிவிடுங்கள். தொடங்க நல்ல மென்பொருள் டக்ஸ் பெயின்ட். பில் கென்ட்ரிக் 2002இல் பிள்ளைகளுக்காகவே உருவாக்கியது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழிலும் இருக்கிறது. மூன்று வயதிலிருந்தே பயன்படுத்தலாம்.

இதைச் செய்தவர்களுக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது. மௌஸில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே வேலைதான் நடக்கும். புதிதாகப் பிடிக்கும் பிள்ளை வலதுபொத்தானை அழுத்திவிட்டு, ஏதோ பட்டியல் திறந்து, பயந்துபோய்க் கையை எடுக்கும் கதை இங்கே இல்லை. சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது. திறக்கும்போது வரைந்த படங்களையே சின்னதாக வரிசைப்படுத்திக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் தன் படத்தைத் தானே கண்டுபிடித்துவிடும்.

முதல் நாள் கிறுக்க விடுங்கள், ஒரு வேலையும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஒரு கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள். அதற்கடுத்து ஐந்து மாம்பழம், மூன்று இலை என்று எண்ணிக்கைக்கு வரலாம். ஜிகாம்ப்ரி என்ற இன்னொரு இலவசத் தொகுப்பில் 2 முதல் 10 வயதுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. எண், கடிகாரம், எடை, வழி கண்டுபிடித்தல் போன்றவற்றில் மொழி அதிகம் குறுக்கே வராது. மொத்தமாகத் திறந்துவிடாமல், அந்த வாரப் பாடத்துக்குப் பொருந்தும் ஒன்றிரண்டை மட்டும் காட்டுங்கள்.

ஒரு கணினிக்கு நான்கு பேர்

முப்பது பேருக்கு ஒரு கணினி என்பது குறையாகத் தோன்றலாம். நான்கு பேர் சேர்ந்து உட்காரும்போது வரும் பேச்சுதான் இந்த வயதில் பாதிப் படிப்பு, அது தனித்தனிக் கணினியில் வராது. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குக் குழுவாகப் பிரிப்பது புதிதும் அல்ல. செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோதே, ஒரே அறையில் ஒவ்வொரு குழு ஒவ்வொரு வேலை செய்வதைப் பழகிவிட்டோம். கணினியையும் அந்தக் குழுக்களில் ஒன்றாக வையுங்கள்: ஒரு குழு அட்டை, ஒரு குழு எழுத்து, ஒரு குழு உங்களோடு, ஒரு குழு கணினியில். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும்.

நான்கு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்காவிட்டால் ஒருவன் மௌஸைப் பிடித்துக்கொள்வான், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். மௌஸ் ஒருவரிடம். என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்வது மற்றொருவர். மூன்றாமவர் நோட்டில் குறிப்பார். நான்காமவர் சரிபார்ப்பார். ஒரு பணி முடிந்ததும் இடம் மாற வேண்டும். சொல்கிறவர் திரையைத் தொடக்கூடாது, மௌஸ் பிடித்தவர் தானாக எதுவும் செய்யக்கூடாது என்பது விதி. அப்போதுதான் 'அது, இது, அங்கே' என்பதை விட்டுவிட்டு, 'மேலே இடப்பக்கம் இருக்கும் சிவப்பு வட்டம்' என்று தெளிவாகச் சொல்லிப் பழகுவார்கள்.

யார் மௌஸை முதலில் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் போன் வைத்திருக்கும் பையன்தான் எடுப்பான். பெண் பிள்ளைகளும், வீட்டில் போனே இல்லாத பிள்ளைகளும் தாங்களாக முன்னே வர மாட்டார்கள். முதல் முறையை எப்போதும் அவர்களுக்கே கொடுங்கள். புதிதாக ஒன்றைக் காட்டுவதென்றால், அதை முதலில் ஒரு கூச்சப்படும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, மற்றவர்களுக்கு அந்தப் பிள்ளையைச் சொல்லிக்கொடுக்க விடுங்கள்.

தமிழில் தட்டச்சு: நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு

ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழை வரவழைக்கும் முறையைத் தொடக்க வகுப்பில் வைக்க வேண்டாம். 'அம்மா' எழுத ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டியிருக்கும். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொடுங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைகளில் தமிழ் 99 இருந்தால் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பழைய கணினி என்றால் இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் உதவும். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களின் பக்கம் போகாதீர்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதினால்தான் அதே எழுத்து போனிலும் இணையத்திலும் அப்படியே தெரியும்.

இது வேகமாகத் தட்டச்சு செய்யப் பழக்குவதற்காக அல்ல. உயிர்மெய் எப்படி உருவாகிறது என்பதை விரலாலேயே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'அம்மா' எழுத வேண்டுமா? அ, ம, ம, ஆ. நான்கு தட்டு. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குத் தானாகவே புள்ளி வந்துவிடும். அடுத்து ஆ-வை அழுத்தியதும் ம, மா ஆகிவிடும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. ந-வை அடுத்துத் த வந்ததும் ந-வுக்குப் புள்ளி தானாக விழும். 'பாட்டி' என்றால் ப, ஆ, ட, ட, இ. 'கண்' போலப் புள்ளியில் முடியும் சொல்லுக்குப் புள்ளி விசையைத் தனியாகத் தட்ட வேண்டும்.

247 எழுத்தையும் பட்டியலாக உருப்போட்ட பிள்ளைக்கு, இத்தனை எழுத்தும் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றிலிருந்து பிறப்பவை என்று புத்தகம் சொல்லியிருக்கும். விரல் வைத்துச் செய்யும்போது அது பிடிபடும். 'கொ' எங்கே இருக்கிறது என்று தேடும் பிள்ளையிடம், க-வும் எதுவும் சேர்ந்தால் கொ என்று கேளுங்கள். முதலில் 'க, எ' என்று தட்டும், 'கெ' வரும். பிறகு ஒ-வைத் தேடும். அந்தத் தேடல்தான் இலக்கணப் பாடம்.

கணினி கைக்கு வரும் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் நோட்டுத் தாளில் விசைப்பலகையை வரைந்து, எழுத்துகளை நிரப்பி, சொற்களை அதில் தட்டிப் பழகட்டும். கணினியின் விசைகளில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தமிழ் எழுத்தை எழுதிவிடுங்கள். தாளில் பழகிய பிள்ளை கணினியில் உட்கார்ந்ததும் தன் பெயரை உடனே எழுதிவிடும்.

கட்டளை கொடுக்கப் பழக்குதல்

பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழி 1967லேயே உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டின் எண்ணம் எளிமையானது: கணினி பிள்ளையை இயக்கக்கூடாது, பிள்ளைதான் கணினியை இயக்க வேண்டும். இதற்குத் தொடக்கம் தரையிலேயே இருக்கிறது. பாண்டி விளையாடக் கட்டம் போடுவார்களே, அதுபோல ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்தில் கல் வையுங்கள். முன்னே ஓர் அடி, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று அம்புக்குறி அட்டைகள் செய்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை இயந்திரம், அட்டை சொல்வதை மட்டும் செய்யும். மற்றவர்கள் அட்டைகளை வரிசையாக அடுக்கிக் கல் வரை கொண்டுபோக வேண்டும். இயந்திரம் தவறான கட்டத்துக்குப் போனால் அதைத் திட்டக்கூடாது. எந்த அட்டை தப்பு என்று தேட வேண்டும். இதற்கு மின்சாரமும் வேண்டாம்.

பள்ளியில் டேப்லெட் இருந்தால் அடுத்தது, கட்டளைகளை அடுக்கிப் படங்களை இயக்கும் ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலி. 2014இல் வந்தது, 5 முதல் 7 வயதுக்கு. கட்டளைகள் எல்லாம் படக்குறிகள், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கட்டத்தைத் திரையில் வரவழைத்தால் அகலத்தில் 20, உயரத்தில் 15 கட்டம் தெரியும். பூனையை ஒரு மரம் வரை நடக்க வைக்க எத்தனை அடி என்று முதலில் வாயால் சொல்ல வைத்து, பிறகு ஓட்டிப் பாருங்கள். கூட்டல் கழித்தலில் திணறும் பிள்ளைகூட இங்கே, இன்னும் மூன்று வேண்டும் என்று தானாகச் சொல்லும்.

ஐந்தாம் வகுப்பில் மடிக்கணினியிலேயே, இதே வகையில் பெரிய பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்சுக்குப் போகலாம். எம்ஐடி ஆய்வகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, இணையம் இல்லாமலும் நிறுவிக்கொள்ளலாம். பேனாவைச் சேர்த்து, நான்கு முறை முன்னே போய் 90 பாகை திரும்பினால் சதுரம் வரும். முக்கோணம் வரையச் சொல்லுங்கள். எல்லாரும் 60 என்று போடுவார்கள், மூடாத மூன்று கோடுகள்தான் வரும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையைத் தரையில் முக்கோணத்தின் மேல் நடக்க வைத்து, மூலையில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கோணம் வேறு, திரும்பும் கோணம் வேறு என்று தெரிந்துகொண்டு 120 என்று வந்து நிற்பார்கள். முதலில் போட்ட 60 பாகையை மாற்றாமல், மூன்று கோட்டை ஆறாக்கினால் அறுகோணம் என்பதையும் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

வயது, நேரம், கண்

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் பள்ளியில் திரை நேரம் குறைவாகவே இருக்கட்டும். எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்கு நான் திரையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பீக்கரில் பாட்டும் கதையும் போதும். பறவைச் சத்தம், மழைச் சத்தம், பேருந்து ஹாரன் என்று ஊரில் நீங்களே பதிந்து போட்டு, என்ன சத்தம் என்று கேட்டுப் பாருங்கள்.

மடிக்கணினி பிள்ளையிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். கண்ணைச் சுருக்கும், தலையைச் சாய்க்கும், எழுந்து சுவர் அருகே போகும் பிள்ளையைக் குறித்துவைத்து, பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படமும் குரலும் பிள்ளையுடையது

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் பிள்ளை என்றால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பாருங்கள். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளையின் காணொளியை வாட்சாப் ஸ்டேட்டஸில் வைக்கவே கூடாது. பரிசு வாங்கும் படமாக இருந்தாலும் வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பிள்ளையின் பெயரிலோ பிறந்த தேதியிலோ எந்தச் செயலியிலும் கணக்குத் தொடங்காதீர்கள்; இங்கே சொன்ன வேலைகளுக்கு அது தேவையும் இல்லை. ஆண்டுத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்திலேயே, குரல் பதிவு செய்வேன், வகுப்புக்குள் மட்டும் வைத்திருப்பேன், ஆண்டு முடிவில் அழித்துவிடுவேன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படி வரிசைப்படுத்துவது

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தொடங்க வேண்டாம். முதல் பருவம் முழுக்கக் குரல் பதிவும், வாரம் ஒரு காணொளித் துண்டும், ஒரு படக்கதையும் போதும். இரண்டாம் பருவத்தில் மௌஸ், டக்ஸ் பெயின்ட், நான்கு பேர் குழு, தாள் விசைப்பலகை. மூன்றாம் பருவத்தில் தட்டச்சும் கட்டளை விளையாட்டும். ஒவ்வொரு வாரமும் வேலைக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: எதற்காகக் கருவியை எடுத்தேன், எந்தப் பிள்ளைக்கு என்ன மாறியது. இரண்டாவது வரியில் எழுத ஒன்றுமில்லை என்றால், அந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்று முயன்று பாருங்கள்.

ஏப்ரலில் பள்ளி மூடும் முன் சொன்னபடி குரல் பதிவுகளை அழித்துவிடுங்கள்; கேட்கும் பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் பதிவை மட்டும் முதலில் அனுப்பிவிடலாம். இறக்கி வைத்த கதைகள், காணொளிகள், மென்பொருள்கள் எல்லாவற்றையும் வகுப்புவாரியாகக் கோப்புறை போட்டு ஒரு பென் டிரைவில் பள்ளிக்கென்று வையுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்தக் காணொளியின் எந்த நிமிடம் என்ற பட்டியலைக் கையால் எழுதி பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தால், அடுத்து வருகிறவர் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.